அம்மையார் வணக்கம் சொல்லி முடிக்கும்வரை

நான் இங்கே எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மருதமலை இருக்கும் திசையைப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். கண்ணாடி போடாமல் இதுவரை நான் செய்திருக்கும் சத்தியங்களை யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவை வேறு ரகம். இது கண்ணாடி போட்ட சத்தியம்.

எங்கள் ஊர் தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அங்கப்பனுடையது. நேந்திரன் வாழை வைத்திருக்கிறான். தார் முற்றுகிற மாதங்களில் அவன் வீட்டில் படுப்பதில்லை. தோட்டத்துக்குள் இருக்கும் சாளை வீட்டில் கட்டிலைப் போட்டுக் காவல் இருப்பான். மலையிலிருந்து யானைகள் இறங்குவதும் அதே மாதங்களில்தான். தார் எப்போது முற்றும் என்பதில் அங்கப்பனுக்கு ஓர் அபிப்பிராயமும் யானைகளுக்கு ஓர் அபிப்பிராயமும் உண்டு. பெரும்பாலும் யானைகள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

போன வருடம் ஒரு கொம்பன் வந்து சாளைச் சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிற்று. யானைக்கு அரிப்பு போனது, அங்கப்பனுக்குச் சுவர் போனது. ஆள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டதால் பிழைத்தான். அதன் பிறகு கட்டிலுக்கு அடியிலேயே படுக்கப் பழகிக்கொண்டான்.

யானை வருவதைச் சொல்ல எங்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. முதலில் பார்க்கிறவன் தகர டின்னை எடுத்து அடிப்பான். அடுத்த தோட்டத்துக்காரன் அதைக் கேட்டுத் தன் டின்னை அடிப்பான். ஊரே வீட்டுக்குள் போய்விடும். டின் அடிக்கிறவன் என்ன படித்திருக்கிறான் என்று நாங்களும் கேட்டதில்லை, யானையும் கேட்டதில்லை.

அங்கப்பனுக்கு ஒரே மகள், புவனா. கோயமுத்தூரில் தகவல் தொடர்பு படித்தாள். சுவர் விழுந்த வருடம் படிப்பு முடிந்தது. மோட்டார் பம்புக்கு விளம்பரம் எழுதும் வேலை உடனே கிடைத்தது. மாட்டேன் என்றுவிட்டாள்.

“ஏன் அம்மணி, பம்பு நல்லதுதான? நம்ம கெணத்துலயே அதுதான ஓடுது” என்றான் அங்கப்பன்.

“பம்பு அதுபாட்டுக்கு வித்துக்குமுங்கப்பா. நான் படிச்ச படிப்பு நாலு பேருக்கு ஆகோணும். மொதல்ல நீங்க கட்டலுக்கு மேல படுக்கோணும்.”

அவள் தாய் சாமியாத்தாள் மோர் ஆற்றிக்கொண்டே, “உங்கப்பன் மேல படுத்தா கட்டலு தாங்கோணுமே” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மாற்றக்குரல் அறக்கட்டளை ஆள் தேடிக்கொண்டிருந்தது. சரவணம்பட்டியில், ஐடி கம்பெனிகளுக்கு நடுவே, கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடி. சமுதாயத்தைத் தகவலால் மாற்றுவது அவர்கள் தொழில். எதிலிருந்து எதற்கு மாற்றுவார்கள் என்று போர்டில் எழுதவில்லை.

நேர்காணல் செய்தவர் இயக்குநர் கிருபாசங்கர். கதர் ஜிப்பா, வெறுங்கால். மண்ணோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று கம்பளம் விரித்த அலுவலகத்தில் செருப்பில்லாமல் நடக்கிறவர்.

“இந்த வேலைக்கு ஏன் வாரீங்க? உள்ளத்துல இருந்து சொல்லுங்க” என்றார்.

“எங்கப்பா சாளையில படுத்திருந்தாருங்க. யானை செவுத்தைத் தள்ளிப்போட்டுதுங்க. அது வாரது முன்னாலயே தெரிஞ்சா…”

கிருபாசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வருத்தப்படாதீங்க சார், அப்பா நல்லாத்தான் இருக்காருங்க.”

“வருத்தம் இல்லீங்க. எப்பேர்ப்பட்ட கதைங்க இது! செவுரு உழுந்ததுக்குப் போட்டோ இருக்குதுங்களா?”

“நாங்க அப்ப அப்பாவைத்தான் பார்த்தோமுங்க. போட்டோ எடுக்கலீங்க.”

“பரவால்லீங்க. மறுபடி உழும்போது எடுத்துக்கலாம்.”

வேலை அந்த நிமிடமே உறுதியாயிற்று.

முதல் காரியமாக அறக்கட்டளை எங்கள் ஊரில் கூட்டம் போட்டது. நிறுவனர் ராமாமணி அம்மையார் வந்திருந்தார். மில் வைத்திருந்த பெரிய குடும்பம், நல்ல மனுஷி. மேடையேறி, “விவசாயிகளுக்குக் குரல் இல்லை. அந்தக் குரலைக் கொடுக்கத்தான் நான் வந்திருக்கிறேன். தயவுசெய்து நடுவில் யாரும் பேசாதீர்கள்” என்றார். நாங்கள் பேசவில்லை.

இனிமேல் யானை வந்தால் காட்டோரத்துக் கேமரா பார்த்துக்கொள்ளும், அலுவலகத்திலிருந்து எல்லோர் கைப்பேசிக்கும் குரல் அழைப்பு வரும், டின் அடிப்பது அச்சமூட்டும் தொடர்பு முறை, கூடவே ஒலி மாசு என்றெல்லாம் கிருபாசங்கர் விளக்கினார். அங்கப்பன் கையைத் தூக்கினான்.

“ஏனுங், ஒரே ஒரு சமாச்சாரமுங்க…”

“கேள்வி நேரம் கடைசியில இருக்குதுங்கய்யா.”

கடைசியில் கேள்வி நேரம் இருந்த இடத்தில் போண்டாவும் டீயும் இருந்தன. கிளம்பும்போது எங்கள் டின்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுவாரம் புவனா அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, டின்கள் வரவேற்பறைச் சுவரில் வெள்ளை அடிக்கப்பட்டு வரிசையாகத் தொங்கின. கீழே ‘மௌனத்தின் சாட்சிகள்’ என்று ஒரு பலகை. அதற்கும் கீழே ‘தொடாதீர்கள்’.

அவளுக்குக் கொடுத்த வேலை, யானை வரும்போது அனுப்ப வேண்டிய செய்தியை எழுதுவது. ஒரே மூச்சில் எழுதிவிட்டாள்: ‘யானை வருது. உள்ளே போங்க.’

மொழிநடைப் பிரிவின் தலைவன் தேஜா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“நல்லா இருக்கு புவனா. ஆனா யானை ஏன் இதுல வில்லன் மாதிரி வருது?”

“வில்லன் மாதிரி வரலீங்க. நடந்துதான் வருதுங்க.”

“யானை நம்ம பங்குதாரர். அதை மறக்கக் கூடாது.”

“எப்படிங்க மறக்கறது? எங்க தோட்டத்துல முக்காப் பங்கு அதுதானுங்க எடுத்துக்குது.”

“அப்பறம் ‘உள்ளே போங்க’. இது கட்டளை. விவசாயி சுதந்திரமா முடிவெடுக்க நாம இடம் விடணும்.”

“யானைக்கும் அவருக்கும் நடுவுல இடமே இருக்காதுங்களே.”

தேஜா இதைக் குறித்துக்கொண்டான். நல்ல வரி, நாட்காட்டிக்கு ஆகும் என்றான்.

செய்தி தேஜாவிடமிருந்து கிருபாசங்கரிடம் போய், அங்கிருந்து அம்மையாரிடம் போயிற்று. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்வது நம் பக்கத்துப் பழக்கமா என்று அம்மையார் கேட்டார். அவர் கேட்டது நியாயம். எங்கள் பக்கத்தில் வீடு தீப்பிடித்தாலும் வந்தவரிடம் ‘வாங்க, தண்ணி குடிக்கறீங்களா’ என்று கேட்ட பிறகுதான் அணைக்கச் சொல்வோம். ஆகவே அம்மையார் தம் சொந்தக் குரலிலேயே பதிவு செய்தார். அந்தப் பதிவு எனக்கு இன்றும் மனப்பாடம்:

“அன்பும் பண்பும் நிறைந்த விவசாயப் பெருந்தகையீர், வணக்கம். நான் ராமாமணி பேசுகிறேன். தாங்கள் நலமா? வீட்டில் எல்லோரும் நலமா? ஆடு மாடுகள் எப்படி இருக்கின்றன?” இங்கே பதிலுக்கு இடைவெளி விட்டிருந்தார். “கேட்க மிக்க மகிழ்ச்சி. தங்கள் தோட்டத்தை நோக்கிப் பல்லுயிர்ச் சகவாழ்வுக்கான ஓர் அரிய வாய்ப்பு வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த அழைப்புக்கு நல்லாதரவு வழங்கிய பெருமக்களை இந்நேரத்தில் நினைவுகூர்கிறேன்.” பெருமக்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள் எல்லோரும் வந்து போன பிறகு கடைசி வரி: “மேற்சொன்ன வாய்ப்பு ஒரு யானை ஆகும்.”

அழைப்பு போவதற்கும் முறை இருந்தது. கேமரா எடுத்த படத்தில் யானையின் முகத்தை முதலில் மறைத்துவிடுவார்கள். அனுமதி வாங்காமல் ஒருவர் முகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது கொள்கை. பிறகு அது யானைதானா என்று உறுதி செய்ய இன்னொரு குழு. முகம் தெரியவில்லையே என்று அவர்கள் படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு குழு மறைக்க, ஒரு குழு திறக்கச் சொல்ல, இதற்குள் யானை நடந்து எங்கள் பக்கம் வந்துசேர்ந்துவிடும்.

முதல் அழைப்பு ஒரு நாள் பொழுது சாய்கிற வேளையில் வந்தது. நான் என் வரப்பில் நின்றிருந்தேன், அங்கப்பன் அவன் வரப்பில். ‘நான் ராமாமணி பேசுகிறேன்’ என்றதும் இருவருமே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டோம்.

“நல்லாருக்கறோமுங்கம்மா. செவலை சினையா இருக்குதுங்க” என்று அங்கப்பன் இடைவெளியில் பதில் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் மூன்று யானைகள் ஒன்றன் பின் ஒன்றாக வாழைக்குள் இறங்கின. “ஆமாங்கம்மா… சரிங்கம்மா… ஆகட்டுங்கம்மா…” மடமடவென்று சத்தம். நல்லாதரவு வழங்கிய பெருமக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ‘யானை ஆகும்’ என்ற சொல் வந்தபோது அங்கப்பன் திரும்பிப் பார்த்தான். தோட்டத்தில் ஒரு பக்கம் வானம் நன்றாகத் தெரிந்தது. முன்பு அங்கே வாழை நின்றது.

சனிக்கிழமை ஊருக்கு வந்த புவனா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்கப்பா, போனை வெச்சுப்போட்டு உள்ள ஓட வேண்டியதுதான?”

“பெரிய ஊட்டு அம்மா, மாடு கன்னு வரைக்கும் விசாரிக்கறாங்க. பாதியில வெச்சா என்ன நெனைப்பாங்க?”

“அது பதிவு பண்ணி வெச்ச குரலுங்கப்பா!”

“பதிவு பண்ணுனா மட்டும் மரியாதை இல்லாமப் போயிருமா கண்ணு?”

இதற்கு அவள் படித்த கல்லூரியில் பதில் சொல்லித்தரவில்லை. திங்கட்கிழமை நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் கணினித் திரைக்கு முன்னால் பரவசத்தில் நின்றிருந்தார்.

“புவனா, பாருங்க! உலகத்துல எங்கயுமே பதிவுக் குரலைப் பத்துல ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் கேக்கறாங்க. நம்மாளுக அத்தனை பேரும் கேட்டிருக்காங்க! ஒருத்தர்கூட நடுவுல வெக்கலீங்க!”

“அவங்க கேட்டுட்டு நிக்கறப்பவே வாழை போயிருச்சுங்க சார்.”

“வாழை நம்ம குறியீட்டுல இல்லீங்க.”

“எங்கப்பா வரப்பு மேல நிக்கறாருங்க. அடுத்த தடவை அவரு மேலயே…”

“அப்பாவும் கடைசி வரைக்கும் கேட்டாருங்களா?”

“கேட்டாருங்க.”

“அவருக்கு என்ற நன்றியைச் சொல்லுங்க.”

இவ்வளவு ஆர்வத்தோடு கேட்கும் மக்களுக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று பதிவில் தேஜாவின் கவிதை ஒன்றைச் சேர்த்தார்கள். அழைப்பு இன்னும் நீண்டது. யானைகள் பந்திக்கு வருகிறவர்கள் மாதிரி நிதானமாக வரத் தொடங்கின. இந்தச் சாதனைக்காக வெளிநாட்டு அமைப்பு ஒன்று அறக்கட்டளைக்கு விருது அறிவித்தது. அதை எங்கள் ஊரில், மக்கள் முன்னிலையில் வாங்க வேண்டும் என்று அம்மையார் ஆசைப்பட்டார்.

அங்கப்பன் தோட்டத்தை ஒட்டிய களத்தில் பந்தல் போட்டார்கள். பந்தல் என்றால் வாசலில் வாழை கட்ட வேண்டும். வாழை என்றால் தாரோடு. பக்கத்திலேயே இருப்பது அங்கப்பன் தோட்டம். மிச்சம் இருந்ததிலேயே நல்ல மரங்களாகப் பார்த்து அவனே வெட்டிக்கொடுத்தான். கூடவே கட்டுக்கட்டாகக் கரும்பு, சீர்த்தட்டில் பலாப்பழம்.

புவனா ஒவ்வொருவரிடமும் ஓடினாள்.

“மேடம், மலையடிவாரத்துல சாயங்கால நேரத்துல தாரோட வாழை கட்டுனா…”

“வாழை கட்டாமல் விசேஷமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்றார் அம்மையார்.

“இது நம்ம கலாசாரம் புவனா” என்றான் தேஜா.

கடைசியில் தகப்பனிடம் வந்தாள். “அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா. தாரையாச்சும் வெட்டிருவோம்.”

“தாரில்லாத மொட்டை மரத்தைக் கட்டுனா ஊரே காறித் துப்பாதா அம்மணி?” என்றான், யானைக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் படுக்கிற அங்கப்பன். மாதிரி விவசாயி என்று அவனையே வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கையில் பன்னீர்ச் செம்பு, முகம் பந்தலைப் பார்த்து, முதுகு மலையைப் பார்த்து.

கிருபாசங்கர் பேசினார். “இந்த விருது எங்களுக்குக் கிடைத்ததல்ல, யானைகளுக்குக் கிடைத்தது. யானைகள் இல்லையென்றால் மாற்றக்குரல் இல்லை. நாளைக்கே யானைகள் வருவது நின்றுபோனால் நாங்கள் அத்தனை பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வோம் என்று இந்த மேடையில் உறுதியளிக்கிறேன்!” பலத்த கைதட்டல். நானும் தட்டினேன், அவ்வளவு உண்மையை ஒரு மேடையில் நான் கேட்டதில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் பந்தலில் இருந்த அத்தனை போன்களும் ஒரே சமயத்தில் அடித்தன.

ஊரே எழுந்து நின்றது. துண்டுகள் இடுப்புக்குப் போயின. ‘நான் ராமாமணி பேசுகிறேன்’ என்று எல்லாக் காதுகளிலும் ஒலித்தது. மேடையில் அம்மையாரும் தம் போனை எடுத்தார். தம் குரலே நலம் விசாரித்ததும் சற்று நெகிழ்ந்து, “நல்லா இருக்கேன்ம்மா, நீங்க?” என்றார்.

மேடை ஓரத்தில் நின்ற புவனா மட்டும் வாசலைப் பார்த்தாள். வாழை மரத்துக்குப் பின்னால் கொம்பன் நின்றிருந்தது. தும்பிக்கை, அங்கப்பன் தலைக்கு மேலாக நீண்டு, தாரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கப்பன் ஒரு கையில் பன்னீர்ச் செம்பும் மறு கையில் போனுமாக, “செவலை கன்னு போட்டுருச்சுங்கம்மா, கெடாரிக் கன்னுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“அப்பா! இங்க வாங்கப்பா!”

பேச்சில் இருக்கிறேன் என்று அவன் செம்பை ஆட்டிக் காட்டினான்.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். “அப்பா, பின்னால பாருங்க! தயவுபண்ணி போனை வையுங்கப்பா!”

அம்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் போடாதே என்று கண்ணை உருட்டினான். பணிவாகச் சொன்ன எதுவும் இன்னொரு பணிவைத் தாண்டி அவன் காதுக்குள் போவதாக இல்லை. கொம்பன் மரத்தை வளைக்க ஆரம்பித்தது. கட்டிய கயிறு முறுகியது, பந்தல் கால் அசைந்தது. புவனா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“டேய் அங்கப்பா! போனை வெச்சுப்போட்டு இங்க வாடா!”

கொம்பனே ஒரு கணம் தும்பிக்கையை நிறுத்தியது. எங்கள் பக்கத்தில் கன்றுக்குட்டியைக்கூட ‘வா சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். அங்கப்பனைப் பிறந்த நாளிலிருந்து யாரும் ‘டா’ போட்டதில்லை.

போனும் செம்பும் கீழே விழுந்தன. “ஆரைப் பார்த்துடீ டேய்ங்கற? பெத்த அப்பனை!” என்று கத்திக்கொண்டு அவன் மேடையை நோக்கி ஓடிவந்தான். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மேடைப் படியில் அவன் கால் வைத்ததும் பின்னால் வாசல் மொத்தமும், வாழை, கரும்பு, வரவேற்புப் பலகை எல்லாமாக, அவன் நின்ற இடத்தில் சரிந்து விழுந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். ஓங்கின கையை வைப்பதற்கு இடம் தெரியாமல் அவள் தலைமேல் வைத்தான்.

“அம்மணி…”

“என்னங்கப்பா?”

“கொஞ்சம் முன்னாலயே சொல்றதுக்கென்ன சாமி?”

சாமியாத்தாள் கூட்டத்துக்குள்ளிருந்து, “முப்பது வருசமா நான் மனசுக்குள்ள சொன்னதை நீ மைக்குல சொல்லிப்போட்டியே கண்ணு!” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

கொம்பன் இரண்டு தாரையும் பலாப்பழத்தையும் சாப்பிட்டது. தரையில் கிடந்த அங்கப்பனின் போனில் அம்மையார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யானை காதை விரித்து நின்று, தேஜாவின் கவிதை உட்பட கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு மலையேறிற்று. இதனால் அன்றைக்கும் கேட்டவர்கள் விகிதம் நூற்றுக்கு நூறு.

மறுநாள் புவனாவை விசாரித்தார்கள்.

“அப்பா உசுரைக் காப்பாத்தினதுல எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லீங்க. தொனிதான் வருத்தமா இருக்குது” என்றார் கிருபாசங்கர்.

“ஆனா சார், அந்தச் சொல்லுக்கு ஒரு வேகம் இருக்கு. நம்ம அழைப்புல எடுத்துக்கலாம்” என்றான் தேஜா. அங்கேயே எழுதிக் காட்டினான்: ‘அன்பும் பண்பும் நிறைந்த டேய்.’

புவனா எழுந்து வரவேற்பறைக்குப் போனாள். சுவரில் தொங்கியதில் தன் வீட்டு டின் எது என்று நசுங்கலைப் பார்த்துக் கண்டுபிடித்துக் கழற்றினாள். குடை ஒன்றை எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தாள். ஆறு மாடி ஆட்களும் அறைகளை விட்டு வெளியே ஓடிவந்து, என்ன, என்ன என்று கேட்டார்கள். அந்த அலுவலகத்திலிருந்து கிளம்பிய ஒரு தகவல் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. டின்னோடு பஸ் ஏறிவிட்டாள். கலைப்பொருள் ஒன்று காணவில்லை என்று அறக்கட்டளை அறிவிப்பு ஒட்டியிருப்பதாகக் கேள்வி.

இப்போது எங்கள் ஊரில் மறுபடி டின் அடிக்கிறோம். புவனாதான் முறை போட்டு, யார் யாருக்கு அடுத்து என்று சொல்லி நடத்துகிறாள். டின்னுக்கு அசையாத ஆட்களுக்கு மட்டும் ஒரு ‘டேய்’ உண்டு. அதை அவளே நேரில் போய்ச் சொல்கிறாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், அங்கப்பன் நெஞ்சை நிமிர்த்தி, “தகவல் தொடர்புலீங்க” என்கிறான். கட்டிலுக்கு மேல் படுக்கிறான். கட்டிலும் தாங்குகிறது.

ஒன்று விட்டுப்போயிற்று. முதல் கூட்டத்தில் கையைத் தூக்கி என்னதான் கேட்க வந்தான் என்று அங்கப்பனிடம் போன வாரம் விசாரித்தேன்.

“ஒன்னுமில்லீங்கண்ணா, எங்கூர்ல டவரே எடுக்காதே, எப்படிங்க போன் பண்ணுவீங்கன்னு கேக்கலாம்னு” என்றான்.

இன்றைக்கு வரைக்கும் எடுப்பதில்லை. இதுவும் கண்ணாடி போட்ட சத்தியம்தான்.